மனைவியை முதல்முறை கொரியன் பார்பிக்யூவுக்குக் கூட்டிப்போகிறேன்: மாடு கிடையாது, பன்றி 'பார்க்கலாம்', என்ன செய்யலாம்?

நெல்லை_சுவோன்

கொரியாவில், சுவோன் நகரத்தில் யோங்தோங் பக்கம் இருக்கிறேன். இரண்டு வருடம் ஒண்டிக்கட்டையாக ஓட்டியாகிவிட்டது, போன மாதம்தான் மனைவிக்கு விசா கிடைத்து வந்து சேர்ந்தாள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் வீட்டை விட்டு இறங்கினால் தெரு முழுக்கக் கரிப்புகையும் கறி வாசனையும்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் விட்டு வந்த கூட்டம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கத்தரிக்கோலால் கறியை வெட்டிக்கொண்டிருக்கும், இவள் நின்று பார்ப்பாள். "துணி வெட்டுற கத்திரியாலயா சாப்பாட்ட வெட்டுறாங்க?" இந்தக் கேள்வியைக் குறைந்தது நாலு தடவை கேட்டுவிட்டாள்.

சரி, ஒரு நாள் கூட்டிப்போவோம் என்று நினைத்தால் சிக்கல் இதுதான். கோழி, ஆடு, மீன் எல்லாம் சாப்பிடுவாள். மாடு தொட மாட்டாள், அதில் பேச்சே இல்லை. பன்றி இதுவரை சாப்பிட்டதில்லை, கேட்டால் "பார்க்கலாம்" என்கிறாள், எந்தப் பார்க்கலாம் என்று தெரியவில்லை. எனக்கும் அனுபவம் என்று பெரிதாக இல்லை. ஹ்வேஷிக்கில், அதாவது டீம் டின்னரில், எங்கள் மேனேஜர் இடுக்கியை யாரிடமும் கொடுக்க மாட்டார், அவர் சுடுவார் நாங்கள் தின்போம். எந்தக் கறி கேட்பது, எப்படிச் சுடுவது, கொஞ்சம் சொல்லுங்கள்.

மூணாவது_ஷிப்ட்

சுவோனில் குடியிருந்துகொண்டு மாடு வேண்டாம் என்பது திருநெல்வேலிக்கு வந்து அல்வா வேண்டாம் என்பது மாதிரி. உங்களுக்கே தெரியாதா நெல்லை?

ஹான்நதிக்கரை

ஷிப்ட் சொன்னது விளையாட்டில்லை. சுவோன் என்றாலே கொரியர்களுக்குக் கல்பி, அதுவும் கையகலத்துக்கு மேல் நீளும் மாட்டு விலா, வாங்கல்பி என்பார்கள். சோங்ஜோ மன்னர் 1794-இலிருந்து 1796 வரை ஹ்வாசோங் கோட்டையைக் கட்டி, சுற்றிலும் வயல்களை உண்டாக்கி, உழவுக்கு மாடுகளைக் கொண்டுவந்தார், அதிலிருந்துதான் இங்கே பெரிய மாட்டுச் சந்தை வளர்ந்தது என்று சொல்வார்கள். அந்த ஜோசன் அரச வம்ச காலத்தில் உழவு மாட்டை அறுக்கக் கூடாது என்று அடிக்கடி தடை வேறு போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் இன்றைக்குச் சோயா சாஸ் அதிகம் சேர்க்காமல் உப்பு போட்டு ஊறவைத்த மாட்டு விலாதான் ஊர்ப் பெருமை. போகட்டும், உங்களுக்கு அது வேண்டாம்.

பன்றி என்று முடிவானால் நேராகச் சம்கியோப்சாலுக்குப் போகாதீர்கள். எல்லாரும் முதலில் அதைத்தான் வாங்கிக் கொடுப்பார்கள், பெயரே மூன்று அடுக்குக் கறி என்றுதான் அர்த்தம், அதில் பாதி வெள்ளைக் கொழுப்பு. பன்றியே தின்னாத ஆள் அந்தக் கொழுப்பைப் பார்த்தவுடன் வயிறு புரட்டி எழுந்துவிடுவார். முதல் தடவைக்கு த்வேஜி கல்பி. பன்றி விலாவைச் சோயா சாஸ், பூண்டு, கொரியப் பேரிக்காய் அரைத்து ஊறவைப்பார்கள். நம் வீட்டில் ஆட்டுக்கறி வேகப் பப்பாளிக்காய் போடுவோமே, அந்த வேலையைத்தான் பேரிக்காய் செய்கிறது. இனிப்பும் உப்புமாக இருக்கும், யாருக்கும் பிடித்துவிடும். கொழுப்பு குறைவாக வேண்டும், ஊறவைக்காததும் வேண்டும் என்றால் மொக்சால், கழுத்துக்கறி.

ஆனால் ஒன்று. ஊறவைத்த கறியில் சர்க்கரை இருக்கிறது. அரை நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் போதும், கறுத்துவிடும். சும்மா திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சம்கியோப்சால் அப்படியில்லை, மேல்பக்கம் நீர் முத்து முத்தாகத் துளிர்க்கும் வரை கையை வைக்காமல் விட்டுவிட்டு ஒரு தடவையோ இரண்டு தடவையோ திருப்பினால் போதும். சுடுகிற தட்டு, அதாவது புல்பான், கறுத்தால் வெட்கப்படாமல் "புல்பான் கராஜுசேயோ" என்று கேளுங்கள், மாற்றித் தருவார்கள், அதற்குக் காசு கிடையாது. இந்தப் புல்பான் மாற்றுவது இங்கே அரசியலிலேயே நுழைந்த விஷயம். 2004 தேர்தல் சமயத்தில் நோ ஹ்வே-சான் என்ற இடதுசாரித் தலைவர் டிவி விவாதத்தில், ஐம்பது வருடமாக ஒரே தட்டில் சம்கியோப்சால் சுட்டால் தட்டு கரியாகத்தான் போகும், மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்கிற அர்த்தத்தில் பேசினார். இன்றைக்கும் தேர்தல் வந்தால் யாராவது அதை இழுப்பார்கள்.

கறிவேப்பிலை

எல்லாரும் கறியைப் பற்றியே எழுதுகிறீர்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான், ஆறு வருடம் முன்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் முதல்முறை என்னைக் கூட்டிப்போனது ஒரு 'அளவில்லாமல் தின்னலாம்' கடைக்கு, கூடவே அவருடைய நண்பர்கள் நாலு பேர். தரையில் சம்மணம் போட்டு உட்காரும் மேசை. எனக்கு எதிரே புகைக்குழாய் முகத்துக்கு நேராகத் தொங்கியது, அதற்கு அந்தப் பக்கம் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது. ஒவ்வொரு வாய்க்கும் "எப்படி இருக்கு, எப்படி இருக்கு" என்று ஐந்து பேரும் என் மூஞ்சியைப் பார்த்தார்கள். ஒருத்தர் வீடியோ வேறு. எனக்கு அழுகை வந்தது புகையாலா அவர்களாலா தெரியவில்லை.

ஆகவே நீங்கள் இரண்டு பேர் மட்டும் போங்கள். ஐந்தரைக்கே போனால் கூட்டம் இருக்காது, கடைக்காரம்மாவுக்கும் உங்களைக் கவனிக்க நேரம் இருக்கும். நல்ல கோட் போட்டுப் போகச் சொல்லாதீர்கள், போட்டாலும் உட்காரும் டிரம் ஸ்டூலின் மூடியைத் திறந்து உள்ளே போடச் சொல்லுங்கள், அதற்காகத்தான் அது. வாசலில் துணிக்கு அடிக்கிற ஸ்பிரே இருக்கும், ஆனாலும் தலைமுடியில் ஏறிய வாசனை ராத்திரி தலையணை வரைக்கும் வரும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினால் அப்புறம் உங்கள் பாடு.

இலை விஷயத்தில் நிதானம் வேண்டும். சாங்சு என்ற லெட்டூஸ் பிரச்சினையில்லை. கென்னிப் இலைக்குத் துளசியும் சோம்பும் கலந்த மாதிரி ஒரு வாடை. எனக்கு முதலில் மருந்து மாதிரி இருந்தது, இப்போது அது இல்லாமல் இறங்காது. இலையில் ஒரு துண்டு கறி, சுட்ட பூண்டு ஒன்று, சம்ஜாங் என்ற சோயா விழுது ஒரு சொட்டு, அவ்வளவுதான், மடித்து ஒரே வாயில் போட வேண்டும். நாம் முதல்முறை அள்ளி வைத்துவிடுவோம், பாதி கடித்தவுடன் மீதி மடியில் விழும்.

அப்புறம் அந்த "பார்க்கலாம்". அது 'நீங்கள் வற்புறுத்தாமல் இருந்தால் யோசிப்பேன்' என்று அர்த்தம். கடையில் போய் உட்கார்ந்து முடிவு செய்ய வைக்காதீர்கள், வீட்டிலேயே கேட்டுவிடுங்கள்.

மூணாவது_ஷிப்ட்

கென்னிப் என்றவுடன் ஞாபகம் வருகிறது. ஊறவைத்த கென்னிப் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எடுக்க வராது. உங்கள் மனைவியின் தோழி திணறும்போது நீங்கள் சாப்ஸ்டிக்கால் அடியிலையைப் பிடித்துக் கொடுத்தால் அது தப்பா சரியா என்று இந்த நாடே சில வருடம் முன்பு சண்டை போட்டது. எங்கள் லைனில் இரண்டு பேர் இன்னும் பேசிக்கொள்வதில்லை. அந்தக் கேள்வியை மட்டும் மேசையில் எடுக்காதீர்கள்.

தேஜோன்_ஆய்வகம்

எதற்குப் பன்றியில் போய் மாட்டிக்கொள்வானேன்? ஒரு சனிக்கிழமை சியோல் யோங்சான் ஸ்டேஷனில் ஐடிஎக்ஸ் ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் சுன்சோன் நகரம். அங்கே தக்கால்பி தெருவே இருக்கிறது. எலும்பில்லாத கோழி, முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளி, தோக் என்கிற அரிசிமாவுக் கட்டி எல்லாவற்றையும் மிளகாய் விழுதில் புரட்டிப் பெரிய இரும்புச் சட்டியில் உங்கள் முன்னாலேயே வதக்குவார்கள், கடைசியில் அதே சட்டியில் சோற்றைப் போட்டு அடிப்பிடிக்கக் கிளறித் தருவார்கள். நம் நாக்குக்கு அதைவிடப் பொருத்தமாக இங்கே ஒன்றும் கிடையாது. கரியில் சுட்டதுதான் வேண்டும் என்றால் சுட்புல் தக்கால்பி என்று தேடுங்கள், அதுவும் கோழிதான். வாத்தும் சுடுவார்கள், ஓரி என்று போட்டிருக்கும்.

ஹான்நதிக்கரை

தக்கால்பி நல்லதுதான், ஆனால் அது வதக்கல் தம்பி. அவர் மனைவி கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது கத்தரிக்கோலையும் கரி நெருப்பையும்.

ஸ்ரீபெரும்புதூர்_பஸ்

நான் கொரியாவில் இல்லை, இருங்காட்டுக்கோட்டை பக்கம் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. 1998-இல் அங்கே ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்த பிறகு வந்த கொரியக் குடும்பங்களை நம்பிச் சென்னையில் நல்ல கொரியன் கடைகள் உண்டு. என் மனைவியை அங்கேதான் கூட்டிப்போனேன். மெனுவில் கோழி இருந்தது, தைரியமாகப் போனோம். கறி வருவதற்கு முன்னால் பான்சான் என்று சின்னச் சின்னக் கிண்ணத்தில் ஏழெட்டு வைத்தார்கள் பாருங்கள், இவள் அதையே முழுச் சாப்பாடு என்று நினைத்துச் சோறு கேட்டுப் பிசைய ஆரம்பித்துவிட்டாள். முளைப்பயறு, கீரை, உருளைக்கிழங்கு எல்லாம் காலி. திரும்ப வைத்தார்கள், அதுவும் காலி. கறி வந்தபோது வயிற்றில் இடமில்லை. பில்லைப் பார்த்து நான்தான் நொந்தேன்.

கறிவேப்பிலை

அதில் ஒன்றும் தப்பில்லையே, பான்சான் திரும்பக் கேட்டால் காசு வாங்க மாட்டார்கள். ஆனால் கிம்ச்சியில் இறால் உப்பும் மீன் சாஸும் இருக்கும், சைவக்காரர்கள் கவனிக்கவும்.

நெல்லை_சுவோன்

அனைவருக்கும் நன்றி. கறிவேப்பிலை அக்கா சொன்னபடி வீட்டிலேயே கேட்டேன். "பன்றி ஒரு துண்டு தின்னு பாக்கேன், பிடிக்கலன்னா நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது, எங்க அம்மாகிட்டயும் சொல்லக் கூடாது" என்றாள். வெள்ளிக்கிழமை போகிறோம். த்வேஜி கல்பி.

நெல்லை_சுவோன்

போய்வந்தோம். நடந்ததைச் சொல்கிறேன், கடைசியில் ஒரு யோசனையும் கேட்க வேண்டியிருக்கிறது. கடை பெயர் வேண்டாம்.

ஐந்தே முக்காலுக்கு உள்ளே போனோம், எங்களைத் தவிர இரண்டே மேசை. ஸ்டூல் மூடியைத் திறந்து கோட்டைப் போடச் சொன்னபோதே அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை, திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தாள். மேசைக்குப் பக்கவாட்டில் இழுப்பறை, அதற்குள் கரண்டியும் சாப்ஸ்டிக்கும் இருந்ததைக் கண்டுபிடித்தது அவள்தான், இரண்டு வருடமாக வந்துபோகும் நான் கரண்டிக்கு மணி அடிக்கப் போனேன். ஒருவர் வாளியில் நெருப்புக் கங்குகளைக் கொண்டுவந்து மேசைக் குழியில் இறக்கினார். அவள் முகம் முழுக்கச் சிவப்பு வெளிச்சம். "எங்க ஆச்சி வீட்டுல கும்முட்டி அடுப்பு இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

கறி வந்தது. இரண்டு பேருக்குக் குறைந்து தர மாட்டார்கள், அதனால் இரண்டு பங்கு. நான் இடுக்கியை எடுத்து மேனேஜர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹான்நதிக்கரை அண்ணன் எவ்வளவு சொல்லியும் நான் அவளிடம் புல்பான் கதையைச் சொல்லிக்கொண்டிருந்ததில் முதல் பத்தை கறுத்துவிட்டது. அதை மறைக்கத் திருப்பினால் மறுபக்கம் பச்சை. அவசரத்தில் கத்தரியால் வெட்டினேன், வேகாத கறி கத்தரிக்குள் வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்நேரம் கடைக்கார அம்மா வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, என் கையிலிருந்து இடுக்கியை அப்படியே உருவிக்கொண்டார். தட்டை மாற்றினார், கறியை விரித்தார், திருப்பினார், திருப்பினார், எலும்போரம் ஒட்டக் கத்தரியை விட்டு நறுக்கென்று நாலு வெட்டு, வெந்த துண்டுகளை வெங்காயத்தின் மேல் ஏற்றிவைத்தார். முதல் துண்டை என் மனைவியின் தட்டில்தான் வைத்தார், எனக்கு இல்லை. கென்னிப்பின் மேல் சாங்சுவை வைத்துக் கறி, பூண்டு, சம்ஜாங் வைத்து மடித்து, "ஆ" என்று அவள் வாய்க்கு நேரே நீட்டினார். இவளும் வாயைத் திறந்துவிட்டாள்! பன்றியா, பார்க்கலாமா, ஒன்றும் நினைவில்லை. அடுத்ததை அவளே மடித்தாள், மூன்றாவதை எனக்கு ஊட்டினாள், பக்கத்து மேசைப் பாட்டி ஒருவர் பார்த்துச் சிரித்தார்.

இதுவரை நல்லபடி. இனிமேல்தான் விஷயம். கறி முடிந்ததும் இங்கே "சாப்பாடு என்ன" என்று கேட்பார்கள் இல்லையா, அதுவரை தின்றது சாப்பாட்டில் சேராது. அந்த அம்மா வேகமாக ஏதோ இரண்டு பெயர் சொன்னார், தோன்ஜாங் ஜிகே என்பது மட்டும் காதில் விழுந்தது, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். புளித்த சோயாக் குழம்புதானே, டோஃபுவும் சீமைச்சுரைக்காயும் இருக்கும் என்ற நினைப்பு. கொதித்தபடி வந்தது. அவள் இரண்டு கரண்டி குடித்தாள், "நம்ம பருப்புக் குழம்ப புளிக்க வச்ச மாதிரி இருக்கு, நல்லாருக்கு" என்றாள். நான் கரண்டியை விட்டுக் கிளறினேன். அடியில் ஓரம் வெள்ளையாக மெல்லிசாகச் சுருண்ட கறி. சாதோல். மாட்டு நெஞ்சுக்கறி.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சட்டியை என் பக்கம் இழுத்து வைத்து "எனக்குப் பசிக்குது" என்று சொல்லி முழுவதையும் நானே குடித்தேன், நாக்கு வெந்துபோனது. வெளியே வரும்போது வாசலில் இருந்த மெஷினில் இலவசக் காபி பிடித்துக்கொண்டு "இன்னொரு நாள் வருவோம்" என்றாள் அவள். எனக்கு வாயே வரவில்லை.

சொல்வதா, வேண்டாமா?

மூணாவது_ஷிப்ட்

வேண்டாம். இரண்டு கரண்டி குழம்பு. கறியைக் கடிக்கவில்லை. அவர் சந்தோஷமாக இருக்கிறார். நீங்கள் ஏன் கெடுக்கிறீர்கள்?

கறிவேப்பிலை

இல்லை ஷிப்ட், இது கரண்டிக் கணக்கு இல்லை. நாளைக்கு இந்த ஊரில் எதைச் சாப்பிடலாம் என்று அவள் நம்பி நிற்கப்போவது இவரை மட்டும்தான். மொழி தெரியாது, எழுத்துத் தெரியாது. இவர் "ஒன்றுமில்லை, சாப்பிடு" என்றால் அதுதான் அவளுக்கு ஆதாரம். அது ஒரு தடவை பொய்யாகி, வேறு யார் வாயிலிருந்தாவது தெரிந்தது என்று வையுங்கள். சொல்லிவிடுங்கள் நெல்லை, இன்றைக்கே.

தேஜோன்_ஆய்வகம்

எனக்கு ஷிப்ட் பக்கம்தான் மனம் போகிறது, ஆனால் அக்கா சொல்வதையும் தள்ள முடியவில்லை. என் ரூம்மேட் ஹலால் மட்டும்தான் சாப்பிடுவான். லேபில் ஒருவர் தெரியாமல் பன்றிக்கொழுப்புச் சேர்த்த ரொட்டியைக் கொடுத்துவிட்டு உடனே வந்து சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவன் அதைப் பெரிதுபடுத்தவே இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப்பார்க்கிறேன். இப்போது இரண்டு பேரும் மாதத்துக்கு ஒரு முறை சியோலில் இதேவோன் மசூதிப் பக்கம் போய்த்தான் சாப்பிடுகிறார்கள்.

ஹான்நதிக்கரை

சொல்லுங்கள். அடுத்த முறைக்கு: "சோகோகி பெகோ ஜுசேயோ", மாட்டுக்கறி போடாமல் தாருங்கள். அதோடு நிற்காதீர்கள். 'கறி வேண்டாம்' என்றால் இங்கே துண்டைத்தான் எடுப்பார்கள், கொதிநீர் அதே எலும்பு நீராக இருக்கும். யுக்சு என்ன என்று கேட்க வேண்டும், அதுதான் கொதிநீர். கறிக்குப் பிறகு வரும் குளிர்ந்த நேங்மியோன் நூடுல்ஸில் ஐஸ் மிதக்கும் அந்தத் தண்ணீரும் பெரும்பாலும் மாட்டு யுக்சுதான்.

நெல்லை_சுவோன்

சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை, காபி போட்டுக்கொண்டிருந்தாள், முதுகு என் பக்கம். முழுவதையும் சொன்னேன். திரும்பவே இல்லை. பாலை இறக்கிவைத்தாள். "அதான் சட்டிய அப்படி இழுத்தீங்களா? நான் பசின்னுல்ல நெனச்சேன், பாவம்னு சோத்தயும் உங்க பக்கம் தள்ளி வச்சேன்" என்றாள். கோபமா இல்லையா என்று மத்தியானம் வரை தெரியவில்லை. மத்தியானம் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து நோட்டைக் கொடுத்து, "மாடு, பன்னி, கோழி மூணையும் இந்த ஊர் எழுத்துல எழுதுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். சோ, த்வேஜி, தாக். ஒரு மணி நேரத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். எனக்கு மூன்று வாரம் ஆனது.

இப்போது அடுத்த பிரச்சினை. நேற்று ராத்திரி சமையலறையில் சத்தம் கேட்டு எழுந்து போனால், அலமாரியில் நான் அடுக்கிவைத்திருந்த ரம்யோன் நூடுல்ஸ் பொட்டலத்தையெல்லாம் தரையில் பரப்பி உட்கார்ந்திருக்கிறாள். பின்பக்கம் ஒவ்வாமைக்காக எது எது சேர்ந்திருக்கிறது என்று அச்சடித்திருப்பார்களே, அதில் விரலை வைத்து வைத்து வாசிக்கிறாள். "ஸ்வே...கோ...கி. இது மாடுதானே? வேற மாதிரி எழுதியிருக்கான்." ஆமாம், சோகோகியை அப்படியும் எழுதுவார்கள். ஐந்தில் நாலில் இருந்தது. வந்த நாளிலிருந்து வாரம் இரண்டு தடவை முட்டை உடைத்து ஊற்றி நானே ஆசையாக வேகவைத்துக் கொடுத்தது அதைத்தான். என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்.

மாடு இல்லாத ரம்யோன் எங்கே கிடைக்கும்? அவசரம்.

கறிவேப்பிலை

பெரிய மார்ட்டில் யாசே ரம்யோன் என்று கேளுங்கள், காய்கறி ரம்யோன். அதையும் பின்பக்கம் அவளையே வாசிக்கச் சொல்லி வாங்குங்கள், நீங்கள் வாசிக்க வேண்டாம்.

மூணாவது_ஷிப்ட்

அந்த நாலு வகையையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நானும் யோங்தோங்தான், பத்து நிமிடத்தில் கீழே வந்து நிற்கிறேன்.